ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில், என் அண்ணன் ஹோசூர் ரோட்டுப் பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை உடைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். தையல் ஆறுவதற்குள் சீழ் பிடித்துவிட்டது.

அந்த வார்டில் சீழ் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. கட்டுப் பிரிக்கிறவர் ஒரே கையுறையோடு கட்டில் கட்டிலாகப் போய் எல்லோருக்கும் பங்கு வைத்தார். சாதி மத பேதம் பார்க்காத சேவை. ஊசி மருந்து மட்டும் மாறிக்கொண்டே இருந்தது, புண் மாறவில்லை.

எங்கள் குடும்பமும் லேசுப்பட்டதல்ல. மர்பி டவுன் வீட்டில் யார் தும்மினாலும் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில், "பவரா ரெண்டு கேப்ஸ்யூல் குடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொள்வோம். காய்ச்சல் விட்டதும் மீந்ததைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தி, அடுத்துத் தும்முகிறவருக்குப் பிரசாதம்போலக் கொடுப்போம்.

ஒருநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர், சீழைச் சோதித்த முடிவைப் பார்த்துவிட்டு, கூட வந்த சின்ன டாக்டரிடம் கன்னடத்தில், "ரெசிஸ்டன்ஸ் தும்ப ஜாஸ்தி இதே" என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நோயை எதிர்க்கிற தெம்பு என்று டிவியில் வரும் சத்துபான விளம்பரங்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை அது. என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியாடி? எம்புள்ளைக்கு ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தியாம். சின்ன வயசுல நான் குடுத்த முட்டை, ஈரல் எதுவும் வீண்போவல."

சாயங்காலத்துக்குள் சேதி தெரு முழுக்கப் போய்விட்டது. எனக்கு அந்த டாக்டரின் முகம்தான் உறுத்தியது. நல்லது சொல்கிறவர் யாராவது அப்படி முகத்தைச் சுளிப்பார்களா? ஆனாலும் அம்மா நெடுநாள் கழித்துச் சிரித்திருந்தாள். கெடுக்க மனம் வரவில்லை.

அந்த வாரமே அதே டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, இந்த முறை தமிழிலேயே சொன்னார்.

"ரெசிஸ்டன்ஸ் உங்க பையனுக்கு இல்லம்மா, கிருமிக்கு. எந்த மருந்து போட்டாலும் சாகமாட்டேங்குது. காலை எடுத்தாதான் உயிர் நிக்கும்."

எனக்குக் கையுறைக்காரர், மெடிக்கல் ஷாப்காரர், விளம்பரக்காரர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து அறைய வேண்டும்போல இருந்தது.

மறுநாள் அண்ணனை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா ஆப்பிள் பையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தின்னு தெருவே பேசிக்கிது. இனி என்னாத்துக்கும்மா பயம்?"

அம்மா பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாம்மா" என்றாள். "ஜாஸ்திதான்."