பவர்காரர் வீட்டுக்கு டிவி வந்தது

தெருவில் அவரைப் பவர்காரர் என்றுதான் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துப் பவர் சொல்லும் வேலை; இருபத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலி, ஒரே இருட்டறை. எதிரே உட்கார்ந்தவர் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிச் செருகி, “இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?” என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கேள்வி அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். குழம்பில் உப்பு பார்க்கச் சொன்னால்கூட, “முன்னாடி போட்டதுக்கும் இப்பப் போட்டதுக்கும் வித்தியாசம் தெரியணுமே” என்று இன்னொரு கரண்டி கேட்பார்.

மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அவள் குரலில் கேட்டால், சண்டைக்குக் கிளம்பியவர்களும் ‘சரி, என்ன பண்றது’ என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். காது அப்படி ஒரு காது. பக்கத்து வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று அந்த வீட்டுக்காரியே இவளிடம்தான் கேட்பாள்.

இப்படிக் கண்ணும் காதுமாகக் குடும்பம் நடத்திய இருவர் வீட்டில் டிவி பழுதானது. முழுதாகப் போயிருந்தால் வம்பே இல்லை. திரையின் மேல்பாதி மட்டும் இருண்டுபோனது. மூன்று மாதம் அந்த வீட்டில் யாரும் எந்த நடிகரின் முகத்தையும் பார்க்கவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள், செய்தி வாசிப்பவர்களை அவர்கள் கழுத்துப்பட்டையை வைத்தே அடையாளம் சொல்லப் பழகிவிட்டாள்.

“அப்பா, நேத்து ஒரு கல்யாண சீன்ல யாருக்கு யாரு மாலை போட்டாங்கன்னே தெரியல. நமக்கு டிவி வேணும்பா.”

மனைவியின் அண்ணன் சும்மா இருப்பாரா? கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறையில் எழுபத்தைந்து அங்குலத் திரையை மாட்டி, பதினொரு ஸ்பீக்கரைச் சுற்றி அடுக்கியிருந்தவர் அவர். அங்கே படம் பார்த்தால், கதாநாயகன் இடது ஓரத்தில் கேட்ட கேள்விக்குக் கதாநாயகி வலது ஓரத்தில் பதில் சொல்வதற்குள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

“மாப்ளே, வாங்குறது வாங்குறீங்க, பெருசா வாங்குங்க. ஸ்பீக்கர் பதினொண்ணுக்குக் குறைஞ்சா அது தியேட்டரே இல்ல” என்றார் அண்ணன்.

பவர்காரர் சணல் கயிறு ஒன்றை எடுத்து, சோபாவில் தன் கண் இருக்கும் இடத்திலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் பிடித்து, சரியாக ஒன்பதரை அடியில் முடிச்சுப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போனார்கள். சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே நேரத்தில் பறந்தது. வந்த விற்பனையாளருக்கு நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாத மனிதர்.

“சார், கிட்ட வந்து பாருங்க. கிளியோட ஒவ்வொரு இறகையும் தனித்தனியா எண்ணலாம்.”

“வீட்ல நான் டிவி மேல மூக்க வச்சுக்கிட்டா பார்க்கப்போறேன்?” என்ற பவர்காரர், கயிற்றின் ஒரு முனையை மகளிடம் கொடுத்துத் திரையடியில் நிற்கவைத்து, மறுமுனையோடு பின்னால் நடந்தார். நடுவில் வந்தவர்கள் எல்லாம் ஏதோ திறப்பு விழா என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள். ஒன்பதரை அடியில் நின்று இரண்டு திரைகளைக் காட்டிக் கேட்டார்: “இங்கேருந்து சொல்லுங்க. இது தெளிவா இருக்கா, இல்ல அதுவா?”

“இதுதான் சார்! இது அல்ட்ரா ஹெச்டி. அது சாதா ஹெச்டி.”

அவர் காட்டியது சாதாவை. மகள் திரையின் கீழே ஒட்டியிருந்த சீட்டைப் படித்துச் சொன்னாள். விற்பனையாளர் சிரித்துச் சமாளித்தார். ஆனால் பவர்காரர் டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரையே பார்த்தார். தலை லேசாகச் சாய்கிறது. இடது கண் சுருங்குகிறது. நெற்றியில் மூன்று கோடு.

“தம்பி, அந்த மூலை டிவில அடியில ஓடுதே எழுத்து, அதைக் கொஞ்சம் படிங்க.”

“எந்த எழுத்து சார்?”

அதோடு டிவி வியாபாரம் அன்றைக்கு நின்றது. “எத்தனை வருஷமா இப்படி?” என்று கேட்டால், “எல்லாருக்கும் இப்படித்தான் தெரியுதுன்னு இருந்தேன் சார்” என்றார் அந்த மனிதர். பவர்காரருக்கு மனசு கேட்கவில்லை. தன் கடை முகவரியை எழுதிக்கொடுத்து, “நாளைக்கு வாங்க. அதுவரைக்கும் யாருக்கும் எதையும் காட்டாதீங்க” என்றார்.

வழியெல்லாம் மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். “டிவி வாங்கப் போய்க் கண்ணாடி வித்துட்டு வர்ற ஒரே ஆளு உலகத்துலேயே எங்கப்பாதான்.”

மறுநாள் மதியம் விற்பனையாளர் வந்தார். இருட்டறையில் உட்கார்ந்து, கடைசி வில்லை செருகப்பட்டதும் எதிரே இருந்த முகத்தை உற்றுப் பார்த்து, “சார், உங்களுக்கு மீசை நரைச்சிருக்கு” என்றார்.

“கண்ணு சரியாயிடுச்சு” என்றார் பவர்காரர்.

அடுத்த ஞாயிறு அவர்கள் கடைக்குள் நுழைந்ததும், விற்பனையாளர் புதுக் கண்ணாடியோடு ஓடிவந்தார். ‘சார்’ போய் ‘அண்ணே’ வந்திருந்தது.

“அண்ணே, ஆறு வருஷமா நான் என்ன பாவம் பண்ணியிருக்கேன் பாருங்க! இந்த டிவில எல்லார் மூஞ்சியும் ஆரஞ்சு கலர்ல இருக்கு. இதைத்தான் ‘இயற்கையான நிறம்’னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டிருந்தேன்.”

கடையில் பளிச்சென்று கண்ணை இழுப்பதற்காக எல்லாத் திரையிலும் நிறத்தை ஏற்றிவைத்திருப்பார்கள் என்பதே அவருக்கு அந்த வாரம்தான் உறைத்திருந்தது. ரிமோட்டை எடுத்துப் படம் பார்க்கும் முறைக்கு மாற்றினார். ஆரஞ்சு இறங்கி மனிதர்கள் வந்தார்கள். இருட்டுக் காட்சி ஒன்றைப் போட்டு, எந்தத் திரையில் கறுப்பு கறுப்பாகவும் எதில் சாம்பலாகவும் இருக்கிறது என்று அவரே காட்டினார். கயிற்றைப் பிடித்துப் பார்த்து, “உங்க ஹாலுக்கு ஐம்பத்தஞ்சு இன்ச் போதும்ணே. எழுபத்தஞ்சு வேணாம்” என்றார். பக்கத்தில் நின்ற மேலாளர் இருமினார். இவர் திரும்பவே இல்லை.

அடுத்தது ஸ்பீக்கர். அது மனைவியின் இலாகா. விற்பனையாளர் வழக்கப்படி குண்டு வெடிக்கும் காட்சியைப் போட்டார். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

“இத நிறுத்துங்க. ரெண்டு பேரு ரகசியம் பேசுற சீன் இருந்தா போடுங்க” என்றாள் மனைவி.

“ரகசியமா?”

“குண்டு எதுல போட்டாலும் கேக்கும். பேச்சு கேக்குதான்னுல்ல பார்க்கணும்!”

கண்ணை மூடிக்கொண்டு நான்கு பெட்டிகளைக் கேட்டாள். ஒன்றில் வாய்க்குள் பஞ்சு வைத்ததுபோலப் பேசினார்கள், இன்னொன்றில் வாளிக்குள்ளிருந்து. கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு பாஸ் பெட்டி கொண்ட சாதாரணத் தொகுப்பு. பேச்சு முழுவதும் நடு ஸ்பீக்கரிலிருந்து தெளிவாக வந்தது.

வீட்டில் மாட்டியதும் அந்தத் தெளிவைக் காணோம். மனைவி ஹாலின் நடுவில் நின்று கையை ஒரு தட்டுத் தட்டினாள். தட்டல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. “எங்க ஸ்டேஷன் மாதிரியே எதிரொலிக்குது” என்று, தடித்த துணியில் திரைச்சீலை தைத்து ஜன்னலில் தொங்கவிட்டாள். தரையில் கம்பளம் விரித்தாள். கண்ணாடி அலமாரியைப் படுக்கையறைக்கு விரட்டினாள். மறுபடி தட்டினாள். சத்தம் தட்டிய இடத்திலேயே அடங்கியது.

முதல் படத்துக்கு அண்ணனும் வந்தார். ஸ்பீக்கர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, “அஞ்சுதானா?” என்று ஓரமாக உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்திருந்தார். தன் வீட்டில் நாலு தடவை பார்த்த படத்தில் அந்தத் தம்பதி எதற்காகப் பிரிகிறார்கள் என்பது அவருக்கு இங்கேதான் காதில் விழுந்தது.

“அட, இதுக்காகவா சண்டை!” என்றார்.

“பேசாம பாருங்க மாமா” என்றாள் மகள்.

கதையில் சாயங்காலம் ஆனது. காற்று அடித்தது. பின்னால் ஜன்னலோரத்து ஸ்பீக்கரில் மெல்லச் சடசடவென்று மழை விழத் தொடங்கியது. யாரும் அசையவில்லை, மனைவி மட்டும் விருட்டென்று எழுந்து மாடிக்கு ஓடினாள்.

“எங்கம்மா ஓடுற?” என்று மகள் கூப்பிடுவதற்குள் படிக்கட்டில் சத்தம் கேட்டது.

இரண்டு நிமிடம் கழித்து, நல்ல வெயிலில் மொறமொறவென்று காய்ந்த துணிகளை மார்போடு அணைத்தபடி அவள் கதவில் நின்றாள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகள் சோபாவிலிருந்து கம்பளத்துக்கு உருண்டாள். பவர்காரர் மட்டும் சிரிப்பை அடக்கி, மனைவிக்காகப் படத்தை நிறுத்தி வைத்திருந்தார்.

“எப்படியும் காஞ்சிருச்சு, எடுக்க வேண்டியதுதானே?” என்று அவள் கெத்தாக வந்து உட்கார்ந்து, ஒரு துண்டை மடித்து, “போடுங்க” என்றாள்.