நான் முந்திச் சொன்ன சாட்சி

என் பெயர் ஜெஸி. குளத்தூரில் நாங்கள் ஒன்பது பெண்கள் சேர்ந்து ஒரு சிறிய பலகார யூனிட் நடத்துகிறோம். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, பலாச்சுளையைச் சீவிப் பொரித்த சக்கை வற்றல். எல்லாம் ஓர் ஏற்றுமதிக்காரர் வழியாக அமெரிக்காவில் நம் ஆட்கள் நடத்தும் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. போன ஓணத்துக்குச் சற்று முன்பு அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு வரியைக் கண்டபடி ஏற்றிவிட்டது. உடனே அவர் போன் செய்தார். "இனி ஓர்டர் இல்ல. வரிய எதுத்து அங்க கேஸ் நடக்குது. தீர்ப்பு வரட்டும், பாப்போம்." அன்றைக்கு அடுப்பை அணைத்தோம்.

ஒன்பது பேரில் சுதாவை நினைத்துத்தான் எனக்கு அதிகம் வலித்தது. பக்கத்து வீடு. அவள் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் யூனிட்டில் காலை ஜெபத்துக்கு முதலில் கண் மூடுவது அவள்தான். நான் ஒரு கண்ணால் மாவைப் பார்த்துக்கொண்டே ஜெபிக்கிற ஆள். அவள் கணவர் அம்பூரியில் ரப்பர் பால் வெட்டப் போய் வழுக்கி விழுந்து, முதுகு போய், வீட்டோடு இருக்கிறார். மகள் அம்மு இரண்டாம் வகுப்பு. வேலை நின்றதும் சுதா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஏஜென்டைப் பிடித்தாள். போனால் மூன்று வருடம் பிள்ளை முகம் பார்க்க முடியாது.

எனக்குப் பொறுமை கிடையாது. கர்த்தரிடமும் கெடு வைத்துத்தான் கேட்பேன். "ஆண்டவரே, அந்த ஜட்ஜிமார் இந்த வாரத்துக்குள் தீர்ப்புச் சொல்லணும்." சொன்னால் நம்பமாட்டீர்கள், சனிக்கிழமை டிவியில் செய்தி வந்தது. வரியில் பெரும்பகுதி செல்லாது என்று அங்கே ஒரு கோர்ட் சொல்லிவிட்டதாம்! மீதிச் செய்தியைக் கேட்க எனக்கு ஏது நேரம்? வேலியருகே நின்றே கூப்பிட்டேன். "எட்டி சுதா, நீ போவண்டாம்! வரி போச்சு!"

ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னேன். அழுதேன். ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டேன். சுதா ஏஜென்டிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஏற்றுமதிக்காரரைக் கூப்பிட்டால் மனுஷன் சிரிக்கிறார். "செய்திய முழுசும் கேட்டியளா? மேல்கோர்ட்டுக்குப் போவ டைம் குடுத்திருக்கு. அதுவர வரி அப்படியேதான். மாசம் ஆவுமோ, வருஷம் ஆவுமோ!"

சுதாவிடம் எப்படிச் சொல்ல? சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "நீங்க நல்லதுக்குத்தானக்கா சொன்னிய" என்றாள். பிறகு உள்ளே போய் ஏஜென்டுக்குப் போன் செய்து கெஞ்சினாள். மூன்று வாரத்தில் டிக்கெட் என்றான். அன்று நான் முழங்காலில் நின்று கேட்டது ஒன்றுதான். "தேதி சொல்லமாட்டேன் ஆண்டவரே. அந்தத் தாயையும் பிள்ளையையும் பிரிக்காதேயும்."

அடுத்த ஞாயிறு மறுபடி எழுந்தேன். "போன வாரம் நான் சொன்னது தப்பு. கேஸ் முடியல்ல. எங்க அடுப்பும் எரியல்ல" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெட்கத்தில் காது சுட்டது.

ஆராதனை முடிந்ததும் வக்கீல் குமாஸ்தா டேனியல் அண்ணன் வந்தார்.

"மக்கா, கேசுன்னா வாய்தா உண்டு. எங்க கோர்ட்டுலயும் காலைல வாற ஆளுவ சாயங்காலம் வர உக்காந்து இருக்காவ. டீயும் வடையும் தீந்தா திங்க ஒண்ணும் கிடையாது. நாளைக்கு உன் பலகாரத்தக் கொண்டு வா. கான்டீன்ல நானாக்கும் சொல்லுதேன்."

அன்று இரவே நானும் சுதாவும் அடுப்பை மூட்டி, மறுநாள் இரண்டு சாக்கு நிறையக் கொண்டுபோனோம். மதியத்துக்குள் தீர்ந்தது. வாய்தா கிடைத்தவர் சங்கடத்தில் ஒரு பாக்கெட் வாங்கினார். ஜெயித்தவர் சந்தோஷத்தில் இரண்டு வாங்கினார். அந்த வாரமே பக்கத்து ஆபீஸ் கான்டீன்களிலும் கேட்டார்கள். மறுவாரம் ஒன்பது பேரும் அடுப்பு முன்னால் இருந்தோம். அமெரிக்காவுக்கு அனுப்பியபோது கிடைத்த வருமானம் இல்லை. ஆனால் சுதா இங்கேயே இருக்க அது போதும். அவள் மறுபடி ஏஜென்டிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கோர்ட் தாமதம் எங்களைக் கவிழ்த்தது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அதேபோல் தாமதிக்கிற இன்னொரு கோர்ட்டின் வாசலிலேயே கர்த்தர் எங்களுக்குச் சோறு வைத்திருந்தார்.

அமெரிக்க வழக்கு இதை எழுதும்வரை முடியவில்லை. அந்த ஜட்ஜிமாருக்காக இன்னமும் ஜெபிக்கிறோம். இப்போது கோர்ட் வராந்தாவில் காத்திருக்கிறவர்களுக்காகவும் ஜெபிக்கிறேன். நில எல்லை வழக்குக்காக வருடக்கணக்கில் நடக்கும் ஓர் அம்மாவுக்கு வாரம் ஒரு பாக்கெட் சும்மா கொடுப்பேன். கெடு வைப்பதை விட்டுவிட்டேன். சுபாவம் போகுமா, சில நாள் வாய்வரை வரும், விழுங்கிவிடுவேன்.

சுதா விமானம் ஏறவேண்டிய அன்று காலை வேலிப்பக்கம் போனேன். அவள் அம்முவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளை வலிக்கிறது என்று கத்துகிறாள். இவள் சும்மா இரு என்று அதட்டுகிறாள். பார்த்துக்கொண்டே நின்று அழுதேன்.

"என்னக்கா?" என்றாள்.

"ஒண்ணும் இல்லட்டி. நீ பின்னு" என்றேன்.

பிரியமானவர்களே, காத்துக் காத்துச் சலித்துப்போயிருக்கிறீர்களா? என் வீட்டு வேலிவரை வந்து பாருங்கள். அந்தப் பிள்ளை இன்றைக்கும் காலையில் அம்மா தலை பின்னும்போது கத்திக்கொண்டுதான் இருக்கிறாள்.