பெட்டி வரும்வரை

நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். பட்டப்பகலில், மூன்று மணிக்கு, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் தொடங்கியது இது.

என் அண்ணன் மெர்வின் ஒரு பேய்ப் படத்துக்குப் பின்னணி இசை போட்டிருந்தான். முதல் படம். டைரக்டருக்குப் பிடிக்காவிட்டால் கீபோர்டை விற்றுவிட்டு துபாய் போவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தான். நான் பல்லிக்கும் பயப்படுகிறவள். அதனால் முதலில் என்னைக் கேட்கச் சொன்னான். ஹெட்போனை மாட்டினேன்.

வெறும் இரைச்சல். கதவு திறந்தால் வயலின் அலறுகிறது. பூனை குதித்தால் இடி விழுகிறது. பேய்க்கு முன்னால் பேண்டு செட் வந்துவிடுகிறது. பிறகு யார் பயப்படுவார்கள்? பயமுறுத்தத் தெரியாதவன் சத்தத்தைக் கூட்டுகிறான். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து 'பே' என்று கத்தும் பிள்ளைகளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எனக்குக் கொட்டாவி வந்தது.

பிறகு, கதாநாயகி தனியாகத் தலை வாரும் காட்சி. இசை நின்றது.

ஹ்ஹ்... கிறீச்... ஹ்ஹ்...

யாரோ கால் ஆர்மோனியத்தை மிதிக்கிறார்கள். கட்டையில் கை வைக்கவில்லை. வெறும் காற்று. எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், அடக்க ஆராதனையின்போது, சவப்பெட்டி உள்ளே வரும்வரை அப்படித்தான் மிதிப்பார்கள். பெட்டி வந்த பிறகுதான் பாட்டு.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன்.

"தலை வாருத இடம் மட்டும் நல்லாருக்குண்ணே. மத்ததெல்லாம் குப்பை."

"ஏட்டி, அங்கன நான் ஒண்ணுமே போடலியே! ஆளில்லாத கோயில்ல மைக்கை வச்சு, வெறும் அமைதியத்தான் பிடிச்சுட்டு வந்தேன்."

டைரக்டரும் அந்த இடத்தில்தான் பயந்தாராம். இன்னும் நிறைய வேண்டுமாம். துபாய்ப் பேச்சு நின்றது.

மறுநாள் மத்தியானம் அண்ணன் மைக்கோடு கோயிலுக்குப் போனான். மனசு கேட்காமல் பின்னாலேயே போனேன். வாசலில், கோயிலைப் பூட்டித் திறக்கும் சாலமோன் அண்ணாச்சி.

"உள்ள யாரு அண்ணாச்சி ஆர்மோனியம் மிதிக்காவ?"

"அதையா? துருத்தியெல்லாம் எலி தின்னு வருசக்கணக்காச்சு. வெறும் கூடுதாம்மா நிக்கி."

ஹ்ஹ்... கிறீச்...

நின்றது.

பாட்டு தொடங்கியது.

கதவைத் தள்ளினேன். பாட்டு இல்லை. யாருமில்லை. அண்ணன் மட்டும் தலை குனிந்து, சுவரோரமாக...

"பைய... தள்ளி நில்லுட்டி. பெட்டி வருது."

வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு எதுவும் நினைவில்லை.

பிடித்து வந்ததை நான் போட்டுக் கேட்டேன். பாட்டு முடிந்ததும் ஒருவர் இறந்தவரின் பெயரை வாசிக்கிறார்.

மெர்வின்.

அண்ணனுக்கு மட்டும் அது கேட்கவில்லை. டைரக்டருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அப்படியே சேர்த்துவிட்டார்.

வரும் வெள்ளிக்கிழமை படம் வருகிறது.