மண்வெட்டிக் காம்பு போட்ட குறுவாள்

வெண்டலின் ஷ்ட்ராவ்ப் டவுன் பஸ் ஓட்டுகிறவர். ஆறடி உயரம், அதற்கேற்ற தொப்பை, யாரையும் கடிந்து பேசத் தெரியாத வாய். ஷ்வாபிய மலையோரத்து அந்தச் சின்ன ஊரில் அவரிடம் எரிந்து விழாத பயணி கிடையாது. அவரும் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பார். அப்படிப்பட்ட மனிதர் கோடைக்காலத்துச் சனிக்கிழமைகளில், கார் நிறுத்துமிடத்தில் தன் வேனுக்குள் காலை மடக்கிக்கொண்டு தனியாகப் படுத்துத் தூங்கினார். பெண்டாட்டிக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. நல்ல ஆரோக்கியத்தோடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாள். என்ன, ஏழாம் நூற்றாண்டில் இருந்தாள், அவ்வளவுதான்.

பெண்டாட்டி மெக்டில்ட் அலமான்னிக் குழுவில் இருக்கிறாள். அலமான்னிகள் அந்த ஊர்க்காரர்களின் பூட்டனுக்கும் பூட்டன்கள். கோடை வந்தால் குழுவினர் அருங்காட்சியகத்துப் புல்வெளியில் கூடாரம் போட்டு, கம்பளி நெய்து, கூழ் காய்ச்சி, அந்தக் காலத்து மாதிரியே வாழ்ந்து காட்டுவார்கள். சுற்றிலும் ஒரு கயிறு. சாயங்காலம் கொம்பு ஊதினால் பேண்ட் சட்டைக்காரர்கள் அத்தனை பேரும் கயிற்றுக்கு வெளியே போய்விட வேண்டும். பெட்டி படுக்கையைச் சுமந்துகொண்டு வந்து இறக்கிய புருஷனுக்கும் அதே சட்டம்தான்.

உள்ளே போக இரண்டு வழி உண்டு. ஒன்று, சுதந்திர மனிதனாகப் போவது. அதற்கு இடுப்பில் சக்ஸ் என்ற, ஒரு பக்கம் மட்டும் கூரான குறுவாள் தொங்க வேண்டும். அந்தக் காலத்து ஆண்பிள்ளைக்கு அதுதான் அடையாளம். உடையும் வாளும் அந்தக் காலத்துப்படி இருக்கின்றனவா என்று வாசலில் பரிசோதிப்பார்கள். இன்னொன்று, அடிமையாகப் போவது. குழுவில் இருக்கும் யாராவது "இவன் என் ஆள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பரிசோதனை கிடையாது. தண்ணீர் சுமக்கலாம், விறகு பிளக்கலாம், எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தால் சாப்பிடலாம். தபால்காரி கெர்லிண்டெயின் புருஷன் அப்படித்தான் உள்ளே இருக்கிறான், சந்தோஷமாகத்தான் இருக்கிறான்.

மெக்டில்ட் அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருடமாகச் சொல்லவில்லை. வெண்டலினும் கேட்கவில்லை. ஆனால் வேனுக்குள் புரண்டு படுக்கும்போதெல்லாம் அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அடிமையாகக்கூட நாம் வேண்டாம் போலிருக்கிறதே, நாம் இல்லாத அந்த இரண்டு நாள்தான் அவளுக்கு நிம்மதியோ என்னவோ என்று நினைத்துக்கொள்வார்.

இந்த வருடம் முடிவு கட்டினார். சொந்தமாக ஒரு குறுவாள் வாங்கி, சுதந்திர மனிதனாக உள்ளே போய், அவள் முகத்தைப் பார்த்துவிடுவது. முகம் சுளித்தால் சுளிக்கட்டும், தெரிந்துபோகும்.

அந்தக் காலத்து அங்கியைத் தானே தைத்தார், விரலெல்லாம் ஊசிக்குத்து. மெக்டில்டால் உதவ முடியாது. புதிதாக வருகிறவருக்கு உள்ளே இருப்பவர்கள் யோசனை சொல்லக்கூடாது என்பது குழுவின் சட்டம். தன் இடுப்பில் தொங்குவதற்குத் தானே பதில் சொல்லத் தெரியாதவன் ஏழாம் நூற்றாண்டுக்கு எதற்கு?

குறுவாள் விலையைக் கேட்டதும் அவருக்குத் தலை சுற்றியது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொல்லர் இரும்புக் கம்பிகளை முறுக்கிச் சேர்த்து அடித்துத் தருகிறார், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காசுக்கு இரண்டு பேர் கடலோரம் போய் ஒரு வாரம் மீன் சாப்பிட்டுவிட்டு வரலாம். காசு விஷயத்தில் ஷ்வாபியர்களின் கஞ்சத்தனம் நாடறிந்தது, நான் சொல்ல வேண்டியதில்லை. வெண்டலின் வசந்தச் சந்தைக்குப் போனார். அங்கே ஒரு கடைக்காரன், தாடியில் மணி கோத்தவன், அவரைப் பார்த்ததுமே மோப்பம் பிடித்துவிட்டான்.

"வாங்கண்ணே, உங்க உடம்புக்கு இதுதான் எடுப்பு. நல்ல கரி இரும்பு, துருப்பிடிக்கும்."

"துருப்பிடிக்குமா?"

"துருப்பிடிச்சாத்தான் அசல். பிடிக்காதது சமையலறைக் கத்தி."

அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது, விலையும் கைக்கு அடக்கமாக இருந்தது. வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அதாலேயே இறைச்சி ரொட்டியை வெட்டித் தின்றுவிட்டு மெக்டில்டிடம் நீட்டினார்.

மெக்டில்ட் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லா இருக்கு," என்றாள்.

அவ்வளவுதான், வெண்டலினுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் வாங்கி வந்த தக்காளியிலிருந்து திரைச்சீலை வரைக்கும் நொட்டை சொல்லாமல் விட்டதில்லை அவள். அவள் நல்லா இருக்கு என்றால் ஏதோ பெரிய கோளாறு என்று அர்த்தம்.

மறுநாள் பணி முடிந்ததும் சீருடையோடு அருங்காட்சியகத்துக்கு ஓடினார். கல்லறைகளில் கிடைத்த குறுவாள்கள் கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் கூர்ப்பக்கமும் முதுகும் மெல்ல வளைந்து நுனியில் கூடின. அவருடையதிலோ முதுகு நேராக வந்து, நுனிக்கு முன்னால் சரிவாக வெட்டி எறிந்தது போல் இறங்கியது. சுவரில் இருந்த படம் மிச்சத்தைச் சொல்லிவிட்டது. அந்தச் சரிவு முதுகு இங்கிலாந்துக்காரர்களுடையது, அதுவும் பின்னால் வந்த நூற்றாண்டுகளில். வெண்டலின் ஊரும் தப்பாக, காலமும் தப்பாக ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நிற்க இருந்தார்.

அடுத்த சந்தையில் தாடிக்காரனைப் பிடித்தார். அவன் தகட்டை முகர்ந்து பார்த்தான்.

"இறைச்சி வெட்டியிருக்கீங்களே. காசு திரும்பக் கிடைக்காது."

"காசு வேண்டாம், வேற கொடு. முதுகு வளைஞ்சது."

தாடிக்காரன் தள்ளுபடிக் கூடையைக் காலால் நகர்த்தினான். அடியில் ஒன்று கிடந்தது. கைப்பிடியில் டிராகன் தலை, அதற்கு முன்னால் பித்தளைக் குறுக்குப்பட்டை, கல்யாண வீட்டு விளக்கு மாதிரி பளபளவென்று. "இதை எவனும் தொடமாட்டேங்குறான்," என்றான். வெண்டலின் கைப்பிடியைப் பார்க்கவேயில்லை. அகலமான தகடு, தடித்த முதுகு, நுனியில் கூடும் வளைவு. கண்ணாடிப் பெட்டியில் பார்த்ததேதான். மாற்றிக்கொண்டு, அவன் மனம் மாறுவதற்குள் இடத்தைக் காலி செய்தார்.

வீட்டுக் கொட்டகையில் பித்தளையை அறுத்துப் போட்டார், டிராகனும் அதோடு ஒழிந்தது. கைப்பிடி நீளமாக வேண்டும், இரண்டு கையும் பிடிக்கிற அளவு. மூலையில் உடைந்து கிடந்த மண்வெட்டியின் காம்பு, அந்தப் பக்கத்துக் காடுகளில் வளரும் உறுதியான சாம்பல் மரம். அதைச் செதுக்கி, துளைத்து, ஆளிவிதை எண்ணெய் தேய்த்துப் பொருத்தினார். தோலை மடித்து உறையும் தைத்தார். கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படி இடுப்பில் தொங்கவிட்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தார். மூன்றாவது சுற்றில் கூர் தையலை அறுத்துக்கொண்டு, குறுவாள் செருப்புக்குப் பக்கத்தில் மரத்தரையில் குத்திட்டு நின்றது.

மெக்டில்ட் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், சட்டம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள்.

பரிசோதனை செய்கிறவர் இர்ம்கார்ட் சௌட்டர், ஊர்ப் பல் டாக்டர், குழுவுக்குத் தலைவி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். சனிக்கிழமை காலை கயிற்றுக்கு வெளியே ஆட்டுத்தோல் விரித்து உட்கார்ந்திருந்தார். வெண்டலினுக்கு முன்னால் போனவன் பூட்ஸில் ஜிப் இருந்ததற்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

"ஹெர் ஷ்ட்ராவ்ப், எடுத்துக் காட்டுங்க."

உருவிக் கொடுத்தார். பற்களின் இடுக்கைத் தேடுவது போல் அவர் விரல் முதுகு நெடுகப் போய் நுனியில் நின்றது.

"தகடு சரி. உறையில ஏன் கூர் மேல பார்த்து இருக்கு?"

"கீழ பார்த்து வச்சிருந்தேங்க. நடக்க நடக்கத் தையலை அறுத்துக்கிட்டு விழுந்துடுச்சு. முதுகு கீழ இருந்தா பாரம் முதுகு மேல நிக்குது, தையல் பிழைக்குது."

"கல்லறைகள்லயும் அப்படித்தான் இருக்கு. எங்க படிச்சீங்க?"

"படிக்கலைங்க. கால் தப்பிச்சது."

இர்ம்கார்ட் சிரிக்கவில்லை. கைப்பிடியை முகர்ந்தார். "என்ன மரம்?"

"சாம்பல் மரம். பழைய மண்வெட்டிக் காம்பு."

"அந்த மண்வெட்டியால என்ன தோண்டினீங்க?"

"உருளைக்கிழங்கு," என்று சொல்லிவிட்டார் வெண்டலின். சொன்ன மாத்திரத்தில் உயிர் போய்விட்டது. உருளைக்கிழங்கு இந்த மண்ணுக்கு வந்து சேர இன்னும் ஆயிரம் வருடம் ஆகும் என்பது கயிற்றுக்குள் சுற்றும் கோழிகளுக்குக்கூடத் தெரியும். வேனும் மடக்கிய காலும் கண்முன்னே வந்து நின்றன.

இர்ம்கார்ட் குறுவாளை உறையில் போட்டு நீட்டினார். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. "வெண்டலின், இதை மட்டும் உள்ள யார்கிட்டயும் சொல்லாத. போ, உன் பெண்டாட்டி அடுப்புகிட்ட இருக்கா."

பல வருடமாகப் பல்லைப் பார்த்தும் "நீங்க, ஹெர் ஷ்ட்ராவ்ப்" என்று திருவாளர் போட்டே பேசி வந்தவர் "நீ, வெண்டலின்" என்றார். உள்ளே இருப்பவர்களை மட்டும்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார். வெண்டலினுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னார்.

மெக்டில்ட் முகம் சுளிக்கவில்லை. கூழ் கிண்டிக்கொண்டே இடுப்பைப் பார்த்தாள். "தையல் கோணல். வாரைத் தளர்த்தி வேற கட்டியிருக்க," என்றாள். அவருக்குப் பாதி நிம்மதி அதிலேயே கிடைத்துவிட்டது.

மீதிப் பாதி சாயங்காலம் கிடைத்தது. வெயில் தணிந்து கொம்பு ஊதியபோது வெண்டலின் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். எழுந்து கயிறு வரைக்கும் நடந்தும் போய்விட்டார்.

"எங்க போற?" என்றாள் மெக்டில்ட் பின்னாலிருந்து.

திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே கெர்லிண்டெயின் புருஷன் இரண்டு வாளித் தண்ணீரோடு மூச்சு வாங்கிக்கொண்டு போனான்.

"கேட்டே விடுறேன்," என்றார் வெண்டலின். "ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிருக்கும். இவன மாதிரி என்னையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. நான் வர்றது உனக்குப் பிடிக்கலன்னு நினைச்சேன்."

மெக்டில்ட் கரண்டியைக் கீழே வைத்தாள். "முதல் வருஷமே இர்ம்கார்ட் கேட்டாங்க. நான்தான் முடியாதுன்னேன். வாரம் பூரா கண்டவன் பேச்சையும் கேட்டுக்கிட்டு வீட்டுக்கு வர்ற. இங்கயும் வந்து நீ தண்ணி சுமந்து, கடைசில மிச்சம் தின்னா எனக்குப் பார்க்க மனசு வருமா?"

"நான் வந்திருப்பேன், மெக்டில்ட்."

"தெரியும். அதனாலதான் சொல்லல."

அவர் இடுப்பிலிருந்து குறுவாளை உருவி, ரொட்டியை வெட்டி, முதல் துண்டை அவரிடம் கொடுத்தாள்.