மூக்கர்

என் அத்தான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் சோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவர். ஆலையில் அவருக்குப் பெயரே ‘மூக்கர்’தான். பேச ஆரம்பித்தால் விட மாட்டார்.

“கச்சா எண்ணெய்னா ஒரே பொருள் இல்லடா. கார்பனும் ஹைட்ரஜனும் கைகோத்துக்கிட்ட ஆயிரம் சங்கிலி. சூடாக்கினா குட்டைச் சங்கிலிதான் முதல்ல மேல போகும், அது காஸ். அப்புறம் பெட்ரோல், டீசல். ரொம்ப நெட்டையா இருக்கிறது அடியில தாரா தங்கிடும்.”

இதை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நூறு தடவையும் எனக்குக் கொட்டாவி வந்தது.

சமையல் காஸுக்கு வாசனையே கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமே என்று ஒரு கந்தக நாற்றத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலப்பார்கள். படாத பாடு பட்டுக் கந்தகத்தை நீக்கிவிட்டு, கடைசியில் கொஞ்சம் கந்தகத்தைத் திரும்பச் சேர்க்கிற கூத்து! அந்த நாற்றம் சரியான அளவில் இருக்கிறதா என்று தினமும் முகர்ந்து சொல்வதுதான் அத்தானின் வேலை. மீட்டர் வந்த பிறகும் எல்லோரும் அவர் மூக்கைத்தான் நம்பினார்கள்.

அந்த மூக்கு செத்துப்போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மீட்டர் காட்டிய எண்ணை எழுதிவிட்டு, சும்மா முகர்ந்து காட்டிச் சமாளித்திருக்கிறார். அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, மகள் வேலைக்குப் போகும்போது விட்டுச்செல்லும் ஒன்றரை வயதுப் பேத்திதான் அவருக்கு உலகம்.

போன வாரம் அக்கா என்னோடு கடைக்கு வந்திருந்தாள். திரும்பி வந்து படியேறும்போதே காஸ் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கதவைத் தள்ளினால், இடுப்பில் குழந்தை, கையில் தீப்பெட்டியோடு அத்தான் அடுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

“பால் பொங்கி அடுப்பு அணைஞ்சுபோச்சு. பாப்பாவுக்கு மறுபடி சூடு பண்ணலாம்னு...”

அக்கா தீப்பெட்டியைப் பிடுங்கினாள். நான் ஓடிப்போய்ச் சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்தேன்.

சாயங்காலம் மகள் வந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“எத்தனை நாளாப்பா வாசனை தெரியல?”

“நாலு வருஷம் இருக்கும்மா.”

எனக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது. ஆள்தான் அகப்படவில்லை.

மறுநாள் காலை, குழந்தையைக் காப்பகத்தில் விடப் போகும் வழியில் அதன் துணிப்பையை எடுக்க மகள் வந்தாள். அத்தானே துணிகளை மடித்து வைத்திருந்தார். அவரைப் பார்த்ததும் குழந்தை தாவியது. அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.