சயாம் அரிசி

ஐம்பது வயதில், ஒரு பழைய ஆங்கிலப் பாட்டுப் படத்துக்கு மூக்குச் சிந்திச் சிந்தி அழுதேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அயர்லாந்துக் கிராமத்து அநாதைச் சிறுமி ஒருத்தி, உருளைக்கிழங்கு வேகும் பானையருகே உட்கார்ந்து பாடினாள்.

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில், பீடோங் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்ட லயத்து வீட்டில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான் வெந்தது. பாட்டெல்லாம் கிடையாது, இருமல் உண்டு. ஒரு காலையில், ரயில் பாதை போட என்று அப்பாவை லாரியில் ஏற்றினார்கள். சயாமுக்குப் போகிறார் என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. சயாம் என்றால் எனக்கு அரிசிதான் தெரியும்.

"அப்பா, வரும்போது அரிசி கொண்டாங்க" என்று கத்தினேன். அப்பா கையசைத்தார். லாரி போனதும் வீட்டுக்குள் வந்து கிழங்கைத் தின்றேன். அழுகை வரவில்லை. அவர் இனி வரமாட்டார் என்று ஊரே சொன்னபோதும் வரவில்லை. அரிசிக்கு அலைந்துதான் அப்பா திரும்பாமல் போனார், அனுப்பியவள் நான் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும், பக்கத்தில் இருந்த அண்ணனிடம் இதை முதன்முறையாகச் சொன்னேன்.

"கழுத, அந்த லாரி சத்தத்துல அப்பாவுக்கு எங்க கேட்டிருக்கப் போவுது?" என்றார். "உன் பக்கத்துல நின்ன எனக்கே கேக்கல லா."