ஆறாத எண்ணெய்

“அப்பா, காருக்குக் காய்ச்சல் அடிக்குமா?”

பனி கொட்டிக்கிடந்த ஒரு விடியலில், காரின் முன்மூடி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அந்த ஐந்து வயதுக் குழந்தை கேட்டாள். அவள் அப்பா சிரித்தார். அந்தக் காரைப் பற்றி அவர் சிரித்தது அது ஒரு முறைதான்.

இது கட்டிவிட்ட கதை இல்லை. அவரைத் தெரிந்த யாரும் அவர் கதை விடுவார் என்று சொல்லமாட்டார்கள். பல் செட் செய்கிறவர். பீங்கான் பல்லைச் சூளையில் வைத்து எடுக்கும் தொழில். கொஞ்சம் சூடு கூடினாலும் பல் பாழ். சூட்டைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

கார் இருபத்தைந்து வருடப் பழையது. ஆறு சிலிண்டர் வேகக் கார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே மனைவி விடவில்லை.

“எல்லாரும் குடும்பத்துக்குன்னு கார் வாங்குவாங்க. நீங்க கல்யாணம் ஆகாத பையனாட்டம் வாங்கியிருக்கீங்க.”

“மலை ஏறணும்ல. முன்னாடி இருந்த வண்டி ரெண்டாவது வளைவுலயே முனக ஆரம்பிச்சிடும்.”

அதற்கு மேல் அவளும் பேசமாட்டாள். குழந்தைக்கு வீசிங். மூச்சு அடைத்தால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். குளிர்காலம் தொடங்கிவிட்டது. இந்தக் காரை நம்ப முடியுமா முடியாதா என்பதுதான் அந்த வீட்டின் ஒரே கவலை.

இப்படிப்பட்ட எஞ்சினில் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும். எண்ணெய் நிதானமாகத்தான் வரும். அது எண்பது டிகிரியைத் தொடும்வரை எஞ்சினை விரட்டக் கூடாது. தொண்ணூறிலிருந்து நூற்றுப்பத்து வரை இருந்தால் வண்டி நல்ல ஆரோக்கியம். மலையேற்றத்தில் நூற்றிருபது போனாலும் பயமில்லை. நூற்று முப்பதைத் தாண்டினால் ஓரம்கட்ட வேண்டியதுதான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியிலோ எண்ணெய் ஜில்லென்று ஆறிக்கிடக்கும்.

ஆறிக்கிடக்க வேண்டும்.

ஆனால் அவர் விடியலில் சாவியைத் திருப்பிய ஒவ்வொரு நாளும் எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் முள் தொண்ணூற்றிரண்டில் நின்றது.

அவருடைய மெக்கானிக்கை எல்லாரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்பேனர் கை வைத்துப் பார்த்துவிட்டு, மீட்டர் பொய் சொல்லுது என்றான். சென்சாரை மாற்றினான். தொண்ணூற்றிரண்டு. மீட்டரை மாற்றினான். தொண்ணூற்றிரண்டு. ஒயரை மாற்றினான். அதே தொண்ணூற்றிரண்டு. அதிலும் ஒரு கொடுமை... ஸ்பேனர் சாவகாசமாகக் குளித்துச் சாப்பிட்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் ஆறி, முள் சமர்த்தாகக் கீழே இறங்கிவிடும்.

“பல்லு சார், பாப்பாகிட்ட ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் வாங்கி மீட்டர் மேல ஒட்டிடுங்க. நிம்மதியா இருக்கலாம்.”

“கிண்டலா? விடியும்போது வந்து பாரு.”

“விடியும்போது நான் என் வீட்டுக்காரியையே பாக்கறதில்ல சார்.”

அவருக்குத் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. தன் பல் பட்டறைத் தெர்மாமீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு ராத்திரி பேட்டரி ஒயரைக் கழற்றிப்போட்டார். சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினார். விடிந்ததும் பனித்தரையில் மல்லாந்து, வண்டிக்கு அடியில் நுழைந்து, எண்ணெய்த் தொட்டியின் அடிப்பாகத்தில் தெர்மாமீட்டரை வைத்தார்.

தொண்ணூற்றிரண்டு.

தெருவில் நின்ற மற்ற கார்கள் எல்லாம் பனியில் நனைந்திருந்தன. இது மட்டும் காய்ந்திருந்தது. காதருகே சத்தம் வேறு... டிக்... டிக்... நெடுந்தூரம் ஓடிவந்த வண்டியின் சைலன்சர் ஆறும்போது வருமே, அந்தச் சத்தம்.

எழுந்து கதவைத் திறந்தார். டிரைவர் சீட் பின்னால் தள்ளியிருந்தது. அவரைவிட ஒரு முழம் உயரமானவர் உட்காரும் தூரத்துக்கு.

“வித்துத் தொலைங்க,” என்றாள் மனைவி. அவரும் தலையாட்டினார்.

அதற்குள் ஒரு நாள் சாயங்காலம், அவர் பட்டறையில் இருந்த நேரத்தில், ஸ்பேனர் வந்து வண்டிக்கு அடியில் எதையோ குடைந்துவிட்டுப் போனதாக மனைவி சொன்னாள். காலையில் வருவதாகச் சொன்னானாம். அலுப்பில் அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் விடியும் முன்பே குழந்தைக்கு மூச்சு அடைத்தது.

மருந்தை இழுக்கக்கூட அவளால் முடியவில்லை. உதடு நீலம் பூத்திருந்தது. மனைவி அவளை மார்போடு அணைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள். அவர் சாவியைத் திருப்பினார்.

தொண்ணூற்றிரண்டு.

முதல் முறையாக அந்த முள்ளைப் பார்த்து அவர் எரிச்சல்படவில்லை. காத்திருக்க வேண்டாம். முழு வேகத்தில் போகலாம்.

சீட்டை முன்னால் இழுத்தார். அசையவில்லை. கால் எட்டவில்லை. விளிம்பில் உட்கார்ந்து, கால்விரல் நுனியால் க்ளட்சைத் துழாவினார்.

முதல் வளைவு. நூறு.

இரண்டாவது வளைவு. நூற்றெட்டு.

அப்போதுதான் கவனித்தார்... அவர் கால் படும் முன்பே க்ளட்ச் இறங்கியது.

மூன்றாவது வளைவு.

கியர் மேல் இருந்த அவர் கை மேல்... வெதுவெதுப்பாக... ஒரு பாரம்.

“ஏங்க,” என்றாள் மனைவி. “கண்ணாடில தெரியறது யாரு?”

அவர் பார்க்கவில்லை.

நூற்றுப்பதினாறு.

பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசல்.

வெள்ளைக் கோட்டுகள் ஓடிவந்தன. நீராவி மருந்து, ஆக்ஸிஜன், ஊசி. வெயில் ஏறும்போது குழந்தை கண் திறந்து, பசிக்கிறது என்றாள். அவர் வெளியே வந்து, சுவரில் சாய்ந்து, கடவுளே என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். போன் அடித்தது.

“பல்லு சார், வண்டி எங்க? வீட்டுல காணோமே. எடுத்துட்டீங்களா?”

“ஏன்?”

“நேத்து எண்ணெய முழுசா இறக்கிட்டேன். தொட்டியக் கழட்டிப் பாக்கலாம்னு. உங்க ஷெட்டுல கேன்ல இருக்கு பாருங்க. மேடம்கிட்ட சொல்ல மறந்துட்டேன் சார்... சார்?”

அவர் முன்மூடியைத் தூக்கி எண்ணெய்க் கம்பியை உருவினார். துடைத்த எவர்சில்வர் கரண்டி மாதிரி இருந்தது. ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. அப்படி ஓட்டினால் முதல் வளைவுக்கு முன்பே எஞ்சின் இறுகி நின்றிருக்க வேண்டும்.

காரை விற்றவரைக் கூப்பிட்டார். செத்துப்போன முதல் சொந்தக்காரரின் தம்பி அவர். நடந்ததைக் கேட்டதும் மெல்லச் சொன்னார்.

“அண்ணிக்கு நெஞ்சு வலி சார். இதே மாதிரி விடியக்காலம். எண்ணெய் சூடாகறதுக்குள்ள அண்ணன் வெரட்டிட்டாரு. மூணாவது வளைவுல எஞ்சின் நின்னுபோச்சு. அண்ணி அங்கேயே... அப்புறம் புது எஞ்சின் வெச்சாரு. தெனமும் விடியறதுக்கு முன்னாடி வண்டியச் சூடு பண்ணி வெச்சுட்டு உள்ளயே உக்காந்திருப்பாரு. யாரையாவது கூட்டிட்டுப் போகணும்னா தயாரா இருக்கணுமாம். அப்படி உக்காந்தபடியேதான் போய்ச் சேந்தாரு. நல்ல உயரமான மனுஷன்.”

அவர் காரை விற்கவில்லை. மனைவியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குழந்தை வீடு திரும்பிய பிறகு, ஒரு விடியலில் அவர் யாரையும் எழுப்பாமல் எழுந்தார். புது எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. சீட்டை முன்னால் இழுக்கவில்லை. கால் வலிக்க வலிக்க, விளிம்பில் உட்கார்ந்தே, தனியாக மலையேறினார். மூன்றாவது வளைவில் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வரை ஓட்டினார். வாசலுக்கு எதிரே நிறுத்தி இறங்கி, டிரைவர் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். வாட்ச்மேன்கூட அங்கே இல்லை.

“வந்துட்டோம்ணே,” என்றார். “நீங்க போய் அண்ணியப் பாருங்க.”

காற்று இல்லை. ஓர் இலை அசையவில்லை.

இருபதடி தள்ளி, ஆளைக் கண்டால் மட்டுமே திறக்கும் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவுகள்... மெல்ல விலகின. ஓர் ஆள் நுழையும் நேரம் திறந்தே நின்றன.

பிறகு மூடிக்கொண்டன.